எபிசோடு 47: காருக்குள்ள சத்தம் கொண்டு வர்ற குழாய் – கழற்றலாமா, வேணாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததைக் குறைத்து, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

பாண்டிச்சேரியில் இருந்து உங்களோட பேசுறேன். வழக்கமா இங்க சாஃப்ட்வேர், கேட்ஜெட்னு தான் ஓடும். இன்னைக்கு பானெட்டைத் திறக்கப் போறோம்.

காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். மலேசியாவில், கிள்ளான்ல இருந்து ஒரு அண்ணன் அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல டொயோட்டா 86 வாங்கியிருக்காராம். ரெண்டு கதவு, பின் சக்கரத்தில் ஓடுற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அவர் கேட்டது இது: "தம்பி, என்ஜின்ல இருந்து டேஷ்போர்டுக்கு ஒரு குழாய் போகுது. அது சும்மா சத்தத்துக்கு வெச்சது, போலி, கழற்றிப் போட்டா பவர் கூடும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. கழற்றலாமா?"

இதில் மூணு கேள்வி இருக்கு. அந்தச் சத்தம் போலியா? கழற்றினா பவர் கூடுமா? கழற்றுறதா இருந்தா எப்படி? மூணுக்கும் பதில் சொல்றேன். கூடவே நாலாவதா ஒண்ணு, அவர் கேட்காதது: கார் போடுற சத்தம் யாருக்காக? பாண்டிச்சேரியில் குடியிருக்கிறவனுக்கு அந்த நாலாவது கேள்வி தான் முக்கியம். அதைக் கடைசியில் வெச்சுக்கலாம்.

என்ஜின் எப்படி சத்தம் போடுது?

கார் சத்தம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது சைலன்சர். ஆனா என்ஜினுக்கு ரெண்டு முனை இருக்கு. ஒரு பக்கம் காத்தை உறிஞ்சும், இன்னொரு பக்கம் புகையைத் தள்ளும். புகைப் பக்கம் மாதிரியே உறிஞ்சுற பக்கமும் சத்தம் போடும்.

இப்படி யோசிச்சுப் பாருங்க. சிலிண்டர்ல பிஸ்டன் கீழ இறங்குது, வால்வு திறக்குது, காத்து சட்டுனு உள்ள போகுது. வால்வு மூடினதும் காத்து டக்குனு நிக்குது. இந்த இழுப்பும் நிறுத்தமும் ஒரு அழுத்த அலையா, காத்து வந்த குழாய் வழியாவே திரும்பி வெளியே ஓடி வருது. அதுதான் இன்டேக் சத்தம். இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சினா 'கர்ர்'னு ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அந்த ஜாதி.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை காத்தை இழுக்கும். அப்போ ஒரு சுற்றுக்கு மொத்தம் ரெண்டு இழுப்பு. 3,000 ஆர்.பி.எம்.னா விநாடிக்கு 50 சுற்று, 100 இழுப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ்.

கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு இன்னொரு மாதிரி சொல்றேன். ஆண் குரலில் ஒரு கட்டை சுருதி வெச்சுப் பாடினா ஷட்ஜமம் சுமார் 130 ஹெர்ட்ஸ். இந்தக் காரில் அது 3,900 ஆர்.பி.எம். பஞ்சமம் அதுக்கு ஒன்றரை மடங்கு, அப்போ 5,850 ஆர்.பி.எம். மேல் ஷட்ஜமம் தொடணும்னா 7,800 வேணும். ஆனா இந்த என்ஜினோட சிவப்புக் கோடு 7,400 பக்கத்திலேயே வந்துடுது. நிஷாதம் வரைக்கும் போயிட்டு, மேல் ச-வைத் தொடாமலே கியர் மாத்தணும்! இதை நான் விளையாட்டுக்குச் சொன்னாலும், ஓட்டுறவர் இந்தச் சுருதியைக் கேட்டுத்தான் எப்போ கியர் மாத்தலாம்னு முடிவு பண்றார். மீட்டரைப் பார்க்கிறது அதுக்கு அப்புறம் தான்.

இன்னொரு விஷயம். ஆக்சிலரேட்டரை லேசா மிதிக்கும்போது த்ராட்டில் என்கிற மூடி கொஞ்சம் தான் திறந்திருக்கும், சத்தம் அதுக்குப் பின்னாலேயே அடைஞ்சுக்கும். முழுசா மிதிச்சா மூடி முழுசா திறக்கும், அலை தாராளமா வெளியே வரும். அதனால இன்டேக் சத்தம் என்ஜின் வேகத்தை மட்டும் சொல்லாது. நம்ம கால் எவ்வளவு கேட்குது, என்ஜின் எவ்வளவு உழைக்குதுன்னும் சொல்லும். இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் எதுக்கு ஒரு குழாய்?

இயற்கையாவே இவ்வளவு சத்தம் இருந்தா, தனியா ஏன் குழாய் போடணும்? ஏன்னா இப்போ வர்ற காரில் அந்தச் சத்தம் நம்ம காதுக்கு வராது.

முதல் காரணம் சட்டம். இந்தியாவில் சாதாரண பயணிகள் காருக்கான எல்லை 74 டெசிபல். ஐரோப்பாவில் 2014ல் போட்ட ஒழுங்குமுறைப்படி 2016ல் 72ன்னு ஆரம்பிச்சு, கட்டம் கட்டமா 68க்கு இறக்குறாங்க. மூணு டெசிபல் குறைச்சா ஒலி ஆற்றல் பாதியாகும், அதனால 72க்கும் 68க்கும் நடுவில் இருக்கிறது சின்ன வித்தியாசம் இல்லை. இந்தச் சோதனை எப்படி நடக்கும்னா, கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு கோட்டைத் தாண்டினதும் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பாங்க. காரோட பாதையில் இருந்து ரெண்டு பக்கமும் 7.5 மீட்டர் தள்ளி மைக் இருக்கும். ஒண்ணைக் கவனிங்க, மைக் காருக்கு வெளியே தான் இருக்கு. உள்ள எவ்வளவு சத்தம்னு அந்தச் சோதனை கேட்கிறதே இல்லை.

ரெண்டாவது காரணம் வசதி. கண்ணாடி, கதவு, தரை எல்லாத்திலும் சத்தத்தை உறிஞ்சுற பொருள் வெச்சு அடைக்கிறாங்க. மூணாவது டர்போ. காத்து போற வழியில் ஒரு விசிறி உட்கார்ந்து அந்த அலையை உடைச்சுடுது.

இதெல்லாம் சேர்ந்தா, ஸ்போர்ட்ஸ் காருக்கு நிறைய பணம் கொடுத்தவருக்கு ஃப்ரிட்ஜ் சத்தம் தான் மிஞ்சும். வெளியே சத்தம் கூடக் கூடாது, உள்ள கேட்கணும். இதுக்கு என்ஜினியர்கள் கண்டுபிடிச்ச வழி தான் சவுண்ட் ட்யூப்.

அமைப்பு ரொம்ப எளிமை. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் போற காத்துக் குழாயில் இருந்து ஒரு கிளைக் குழாய். அதுக்குள்ள ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஹோஸ் கிளம்பி, ஃபயர்வால் வரைக்கும் போகும். ஃபயர்வால்னா என்ஜின் அறைக்கும் நம்ம காலுக்கும் நடுவில் இருக்கிற உலோகத் தடுப்பு. அலை வந்து சவ்வை அதிர வைக்கும், சவ்வு அந்தப் பக்கக் காத்தை அதிர வைக்கும், நமக்கு டேஷ்போர்டுக்குப் பின்னால இருந்து கேட்கும். காத்து சவ்வைத் தாண்டாது, சத்தம் மட்டும் தாண்டும். எந்தச் சுருதி தூக்கலா கேட்கணும்னு குழாயோட நீளத்தையும் சவ்வையும் வெச்சு முடிவு பண்ணுவாங்க. நாதஸ்வரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் இருக்கிற அதே இயற்பியல்.

டொயோட்டா 86ம் அதோட இரட்டையான சுபாரு பி.ஆர்.இசட்.டும் 2012ல் வந்தப்போ இது இருந்தது. ஆனா முதல் ஆள் அவங்க இல்லை. பி.எம்.டபிள்யூ.வோட முதல் இசட்4ல் இதே யோசனை இருந்தது. 2011 ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யில் ஒரு குழாய் உண்டு. 2011ல் வந்த போர்ஷே 911ல் அதுக்கு 'சவுண்ட் சிம்போசர்'னு பேர், ஸ்போர்ட் பட்டனை அழுத்தினா ஒரு வால்வு திறந்து சத்தத்தை உள்ள விடும். லெக்சஸ் எல்.எஃப்.ஏ. காரில் என்ஜின் சத்தம் உள்ள வர்ற பாதையை வடிவமைக்க யமஹாவைக் கூப்பிட்டாங்க. பைக் கம்பெனின்னு கூப்பிடலை, பியானோவும் கிட்டாரும் செய்யுற கம்பெனின்னு கூப்பிட்டாங்க.

அப்போ அது போலியா?

இல்லைன்னு தான் சொல்வேன். ஏன்னு ஒரு உதாரணத்தில் சொல்றேன்.

1816ல் பாரீஸ்ல ரெனே லனெக்னு ஒரு டாக்டர். ஒரு பெண் நோயாளியோட இதயத் துடிப்பைக் கேட்கணும், மார்பில் காதை வைக்கத் தயக்கம். பேப்பரைச் சுருட்டிக் குழாயாக்கி ஒரு முனையை அங்க வெச்சு, மறு முனையில் காதை வெச்சார். நேரடியா கேட்கிறதை விடத் தெளிவா கேட்டது. ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அதில் கேட்கிற லப்-டப் போலின்னு யாராவது சொல்வோமா? இதயம் போடுற சத்தம் தான், குழாய் அதைக் காதுக்குக் கொண்டு வருது. நம்ம ஊர் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரோட ஒரு முனையை என்ஜின் மேலயும் கைப்பிடியைக் காதிலயும் வெச்சு, எந்த பேரிங் போயிருக்குன்னு கண்டுபிடிப்பார் பார்த்திருக்கீங்களா? அதே வேலை. சவுண்ட் ட்யூப் என்ஜினுக்கு வெச்ச ஸ்டெதஸ்கோப்.

போலின்னு சொல்லணும்னா அது வேற ஒண்ணு. 2011ல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5ல், என்ஜின் சத்தத்தைக் காரோட ஸ்பீக்கர் வழியா வாசிக்கிற முறையைக் கொண்டு வந்தாங்க. என்ஜின் வேகம், ஆக்சிலரேட்டர் ரெண்டையும் பார்த்து கம்ப்யூட்டர் சத்தத்தை எடுத்துக் கொடுக்கும். ஃபோக்ஸ்வேகன் சில கார்களில் கண்ணாடிக்குக் கீழ ஒரு அதிர்வுப் பெட்டி வெச்சாங்க, அது கார் உடம்பையே ஸ்பீக்கரா மாத்தும். என் பாஷையில் சொன்னா, குழாய் லைவ் ஸ்ட்ரீம், ஸ்பீக்கர் முறை ஏற்கெனவே இருக்கிற டேட்டாவை வெச்சு ஒப்பேத்துறது. என்ஜினில் ஒரு சிலிண்டர் சரியா எரியலைன்னா குழாயில் அது காதில் விழ வாய்ப்பு இருக்கு. பதிவு பண்ணின சத்தம் எப்பவும் அழகாவே பாடும்.

அண்ணனுக்கு இன்னொரு தகவல். 2021ல் வந்த அடுத்த தலைமுறை ஜி.ஆர்.86ல் குழாய்க்குப் பதிலா ஸ்பீக்கர் முறை வந்துடுச்சு. போலின்னு உங்க கூட்டாளிங்க தூக்கச் சொல்ற அந்தப் பொருள், இந்த வரிசையிலேயே உண்மையான சத்தம் கொடுத்தது.

பவர் கூடுமா?

ஓட்டும்போது தெரியற அளவுக்குக் கூடாது. அந்தக் கிளை ஒரு முட்டுச் சந்து. சவ்வு அடைச்சிருக்கிறதால காத்து அது வழியா எங்கயும் ஓடலை, அப்போ அது எதையும் திருடவும் இல்லை. என்ஜின் வழக்கம்போல ஏர் ஃபில்டர் வழியா தான் மூச்சு விடுது. மிச்சமாகிறது குழாயோட எடை, அது ஒரு டிஃபன் பாக்ஸ் அளவு.

"கழற்றினதும் வண்டி பறக்குது"ன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கலை. சத்தம் மாறினா வேகம் மாறின மாதிரி மனசுக்குத் தோணும். நம்ம மூளை அப்படி.

அப்போ யார் தான் கழற்றலாம்?

நியாயமான காரணங்கள் இருக்கு. கம்பெனி இன்டேக்கை மாத்தி வேற கிட் போட்டா, சில கிட்டில் இந்தக் கிளைக்கு இடமே இருக்காது. டிராக்கில் மட்டும் ஓட்டுற வண்டின்னா என்ஜின் அறையில் இடம் கிடைக்கும். அதெல்லாம் இல்லாம, "எனக்கு அமைதி தான் பிடிக்கும்"னு சொன்னாலும் அது முழுமையான காரணம் தான். உங்க கார், உங்க காது.

ஆனா ஒரு காரணம் மட்டும் செல்லாது. "ஹைவேல ஒரே வேகத்தில் போகும்போது 'ம்ம்ம்'னு ரீங்காரம் தலைவலி கொடுக்குது, அதனால கழற்றுறேன்"னு சிலர் சொல்வாங்க. நம்ம ஈ.சி.ஆர்.ல சென்னை போறப்போ 80ல் நிலையா போனா வர்ற மாதிரி சத்தம். முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே: ஆக்சிலரேட்டரை லேசா மிதிக்கும்போது இன்டேக் சத்தம் குறைவு. அப்போ நிலையான வேகத்தில் வர்ற ரீங்காரத்துக்கு இந்தக் குழாய் காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. சைலன்சரைப் பாருங்க, டயரைப் பாருங்க. குற்றவாளி அங்க இருக்கும்.

கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. நாங்க புது ஃபீச்சர் விடும்போது முதல்ல ஒரு ஸ்விட்ச் வெச்சு ஆன்-ஆஃப் பண்ணிப் பார்ப்போம், கோடை அழிக்க மாட்டோம். அதே மாதிரி, சவ்வுக்கு அந்தப் பக்கம், அதாவது கார் உள்பக்கம் வர்ற ஹோஸைக் கழற்றி அதுக்குள்ள ஒரு துண்டு ஸ்பாஞ்ச் அடைச்சு மறுபடி மாட்டுங்க. ஒரு வாரம் ஓட்டுங்க. பிடிச்சிருந்தா மேல போகலாம், இல்லைன்னா ஸ்பாஞ்சை எடுத்துடுங்க, செலவு ஒண்ணும் இல்லை. எச்சரிக்கை: என்ஜின் பக்கம் இருக்கிற குழாயில் ஸ்பாஞ்ச், துணி எதுவும் அடைக்கவே கூடாது. அது உறிஞ்சுற பக்கம். பிய்ஞ்சு உள்ள போச்சுன்னா செலவு வேற லெவல்.

கழற்றுற முறை

வேலை ஒரு மணி நேரம் தான். ஸ்க்ரூ டிரைவர், சாக்கெட் ஸ்பேனர் போதும். பொதுவான முறையைச் சொல்றேன், உங்க மாடலுக்கான சர்வீஸ் மேனுவலையும் பக்கத்தில் வெச்சுக்கோங்க.

முதல்ல, என்ஜின் முழுசா ஆறட்டும். காத்துக் குழாயில் கிளை எங்க பிரியுதுன்னு பாருங்க, ஃபயர்வால்ல எங்க நுழையுதுன்னு பாருங்க. எதையும் தொடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க.

ரெண்டாவது, கிளாம்ப்பைத் தளர்த்தி ஹோஸைத் திருகி எடுக்கணும். நேரா இழுத்தா பழைய ரப்பர் கிழியும். சவ்வு இருக்கிற பகுதியைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைக் கழற்றி முழு அமைப்பையும் வெளியே எடுங்க.

மூணாவது படி தான் ரொம்ப முக்கியம். காத்துக் குழாயில் இப்போ ஒரு ஓட்டை இருக்கு. அது எங்க இருக்குன்னு யோசிங்க: ஏர் ஃபில்டரைத் தாண்டி, மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரையும் தாண்டி. உள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு எண்ணி கம்ப்யூட்டருக்குச் சொல்றது அந்த சென்சார், அந்தக் கணக்குக்குத் தான் பெட்ரோல் விடுவாங்க. ஓட்டை வழியா போற காத்து டிக்கெட் வாங்காம ஏறின பயணி. கணக்கில் இல்லை, அதுக்குப் பெட்ரோலும் இல்லை, ஃபில்டரும் பண்ணலை. தூசி நேரா என்ஜினுக்குப் போகும், எரிகலவையில் பெட்ரோல் குறையும், செக் என்ஜின் விளக்கு எரியும். அதனால அந்த அளவுக்கே செஞ்ச சிலிக்கோன் மூடி அல்லது அலுமினிய மூடி போட்டு, ஸ்டெயின்லெஸ் கிளாம்ப்பால் இறுக்கணும். செல்லோ டேப், எம்-சீல் எல்லாம் என்ஜின் சூட்டுக்கு நிக்காது. கிள்ளானும் கடலோரம், பாண்டியும் கடலோரம், சாதா இரும்புக் கிளாம்ப் போட்டா சீக்கிரம் துருப்பிடிச்சு நிக்கும்.

உங்க வண்டி டர்போவா இருந்து, கிளை டர்போவுக்கு அப்புறம் பிரியுதுன்னா இன்னும் கவனம். அங்க காத்து அழுத்தத்தோட வெளியே தள்ளும். சும்மா செருகின மூடி தெறிச்சுடும், அழுத்தம் தாங்குற மூடி தான் வேணும்.

நாலாவது, ஃபயர்வால் ஓட்டை. பலர் மறக்கிறது இதைத்தான். சூடு, பெட்ரோல் வாசனை, புகை, மழைத்தண்ணி எல்லாம் உள்ள வராம தடுக்கிறது அந்தத் தடுப்பு. அதில் ஓட்டையை விட்டுட்டு ஏ.சி. போட்டுக்கிட்டு ஓட்டக் கூடாது. சரியான அளவு ரப்பர் கிராமெட் போட்டு அடைங்க.

கடைசியா சரிபார்ப்பு. ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தா, வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃப்யூயல் ட்ரிம்னு ஒரு எண்ணைக் குறிச்சுக்கோங்க. பெட்ரோலை எவ்வளவு சதவீதம் கூட்டி, குறைச்சு கம்ப்யூட்டர் சமாளிக்குதுன்னு அது சொல்லும். முன்னாடி இருந்த அளவிலேயே இருந்தா வேலை சுத்தம். திடீர்னு பிளஸ் பக்கம் ஏறிச்சுன்னா எங்கயோ காத்து கசியுது. பி0171ன்னு கோடு வந்தாலும் அதே அர்த்தம். கழற்றின பாகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் பத்திரமா வைங்க. மனசு மாறலாம், வண்டியை விற்கலாம், வாங்குறவர் கேட்கலாம்.

சத்தம் யாருக்காக?

இப்போ நாலாவது கேள்வி.

பாண்டிச்சேரி ரொம்பச் சின்ன ஊர். ஆனா பி.ஒய். நம்பர் போட்ட விலை உயர்ந்த கார்களை நீங்க இந்தியா முழுக்கப் பார்க்கலாம். இங்க ரோடு டாக்ஸ் கம்மி, அதனால வெளி மாநிலத்து ஆளுங்க இந்த ஊர் முகவரியில் பதிவு பண்ற பழக்கம் இருந்தது. 2017ல் கேரளாவில் அது பெரிய வழக்காவே ஆச்சு. அந்தக் கார்கள் பெரும்பாலும் இங்க ஓடாது, நம்பர் தான் நம்மளோடது. இங்க ஓடுறது சனி, ஞாயிறு வர்ற வண்டிங்க. அதில் சிலது, காரோ பைக்கோ, கம்பெனி சைலன்சரைத் தூக்கிட்டு வெடிக்கிற சைலன்சர் போட்டிருக்கும்.

ஒயிட் டவுன் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். த்யூமா தெரு, சுஃப்ரேன் தெரு எல்லாம் நேர்கோடு, ரெண்டு பக்கமும் உயரமான சுவர். அழகு தான், ஆனா ஒலிக்கு அது ஒரு நீளமான குழாய். ஒரு முனையில் த்ராட்டில் முறுக்கினா மறு முனை வரைக்கும் சுவரில் மோதி மோதிப் போகும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணியில் இருந்து காலை 7.30 வரைக்கும் வண்டிக்கு அனுமதி இல்லை, அதனால அந்த வண்டிங்க எல்லாம் உள் தெருவுக்குள்ள தான் சுத்தும். அதே பகுதியில் விக்டர் சிமோனல் தெருவில் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கு. 2000ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், ராத்திரி 10க்கு மேல எல்லை 40 டெசிபல். வார்டில் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிறவருக்கு உங்க என்ஜினோட பஞ்சமம் தேவையில்லை.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்கு அப்புறம், ஒலி விதியை மீறினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூணு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். மூணு மாசம் லைசென்ஸும் போகும்.

இப்போ அந்தக் குழாயைத் திரும்பப் பாருங்க. சத்தம் வேணும்னு ஆசைப்பட்டவருக்கு மட்டும், அவர் காரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், அவர் காதுக்கு மட்டும் சத்தம் கொடுக்குது. தெருவில் நடக்கிறவர், 7.5 மீட்டர் தள்ளி இருக்கிற மைக், வார்டில் தூங்குறவர், யாருக்கும் அது ஒரு டெசிபல் கூட்டலை. ஹெட்போன் போட்டுப் பாட்டு கேட்கிறவருக்கும், பஸ்ஸில் போன் ஸ்பீக்கரில் பாட்டு போடுறவருக்கும் இருக்கிற வித்தியாசம் இது. சவுண்ட் ட்யூபைப் 'போலி'ன்னு தூக்கிட்டு, 'ஒரிஜினல்' சத்தம் வேணும்னு வெடிக்கிற சைலன்சர் மாட்டுறது, ஹெட்போனைக் குப்பையில் போட்டுட்டு பஸ்ஸுக்கே பாட்டு போடுற மாதிரி.

ஓட்டுறவருக்குச் சத்தம் தேவை என்கிறது உண்மை தான். என்ஜினே இல்லாத காருக்குக் கூட அது தேவைப்படுது. 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா ரெண்டு எலெக்ட்ரிக் கார்களை அறிமுகப்படுத்தினப்போ, அதுக்கான ஒலிகளுக்கு ஏ.ஆர். ரகுமானோட சேர்ந்து வேலை பார்த்தாங்க. வரப்போற கார்களில் சத்தம்னா யாராவது இசையமைச்சது தான். என்ஜின் தன் சொந்தக் குரலில் நம்மகிட்ட பேசுற கார்கள் இனிமே குறைஞ்சுக்கிட்டே போகும்.

அதனால கிள்ளான் அண்ணே, என் பதில் இதுதான். பவருக்காகன்னா கழற்றாதீங்க, கிடைக்காது. போலின்னு நினைச்சுன்னா கழற்றாதீங்க, அது போலி இல்லை. அமைதி வேணும்னா ஸ்பாஞ்ச் வெச்சு ஒரு வாரம் பாருங்க, பிடிச்சா ரெண்டு ஓட்டையையும் ஒழுங்கா அடைச்சுக் கழற்றுங்க. சத்தம் இன்னும் வேணும்னா கண்ணாடியை மூடிட்டு, காலியான ரோட்டில், 5,850 வரைக்கும் ஒரு தடவை கொண்டு போய் அந்தப் பஞ்சமத்தைக் கேளுங்க. சைலன்சரைத் தொடாதீங்க.

அடுத்த எபிசோடில் ஓ.பி.டி. ஸ்கேனர் பத்தி: 1,000 ரூபாய்க்குள்ள ஒண்ணு வாங்கி உங்க காரோட கம்ப்யூட்டர்கிட்ட என்னென்ன கேட்கலாம், எதையெல்லாம் அழிக்கக் கூடாதுன்னு பார்க்கலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, ஊர் பேரையும் சொல்லுங்க.